தம்பிக்கு டி10 தண்டுவட அடி. வீல்சேர் விளையாட்டுக்கு அனுப்பலாமா?

போடி_அக்கா கேட்டது:

வணக்கம். என் தம்பிக்காகக் கேக்குறேன். வயசு 23. போன வருஷம் திருப்பூர்ல கட்டட வேலை செய்யும்போது சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். டி10, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புல மேல இருந்து பத்தாவது, முழு பாதிப்புன்னு எழுதியிருக்காங்க. முதுகுல கம்பியும் ஸ்க்ரூவும் வச்சிருக்கு. தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. டியூப் போட்டு யூரின் எடுக்குறதை அவனே பண்ணிக்கிறான். நடுவுல ஒரு படுக்கைப்புண் வந்து, ரொம்பப் பாடுபட்டு ஆறிடுச்சு.

அடிபடுறதுக்கு முன்னாடி எங்க ஊர் கபடி டீம்ல அவன்தான் ரைடர். இப்போ பகல் முழுக்க கட்டில், போன், ஃபேன். கூட ஆடின பசங்க பாக்க வந்தா தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிறான். ராத்திரி தூங்க மாட்டேங்கிறான். "நான் இருந்து என்னக்கா ஆகப்போகுது"ன்னு ஒரு நாள் கேட்டான். அதுல இருந்து எனக்கும் தூக்கம் போச்சு.

செக்கப்புக்குப் போன இடத்துல வீல்சேர்ல இருந்த ஒரு அக்கா, "பாஸ்கெட்பால் ஆட அனுப்புங்க"ன்னு சொன்னாங்க. அவன் அங்க ஒண்ணும் பேசலை. ஆனா வீட்டுக்கு வந்து யூடியூப்ல அதைத் தேடிப் பாத்துட்டு இருந்தான். அம்மாவுக்குப் பயம்: கீழே விழுந்தா கம்பி நகந்துடும், கால் உடையும், புண்ணு மறுபடி வரும்னு. அப்பா, "ஆடினா நரம்பு உயிர் பிடிச்சு நடப்பானா?"ன்னு கேக்குறார். பெரியப்பா, "நடக்கவே முடியலை, இதுல ஆட்டம் ஒரு கேடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

நிஜமாவே உடம்புக்கு என்ன நல்லது? மனசுக்கு? எதுல எல்லாம் கவனமா இருக்கணும்? அனுபவிச்சவங்க சொன்னா அம்மாகிட்ட படிச்சுக் காட்டுவேன்.

பிசியோ_தஞ்சை எழுதியது:

முதல்ல அந்த ஒரு வார்த்தை. "நான் இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு சொல்ற பையனை விளையாட்டுக்கு அனுப்பினா சரியாயிடும்னு விட்டுடாதீங்கம்மா. சாகணும்னு தோணுதான்னு அவன்கிட்ட நேராவே கேளுங்க. கேட்டா எண்ணத்தைக் கிளப்பி விட்டுடுவோமோன்னு பயப்பட வேண்டாம், கேட்டா பாரம்தான் குறையும். மருந்து தேவைப்படுற அளவு மனச்சோர்வா இருக்கலாம், மனநல டாக்டரைப் பாக்கணும். அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ், 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசுவாங்க. விளையாட்டு இதுக்குத் துணையா நிக்கும், பதிலா நிக்காது.

இனி உடம்பு. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட எக்ஸ்ரே காட்டி, எலும்பு கூடிடுச்சா, ஆளுக்கு ஆள் மோதுற விளையாட்டு ஆடலாமான்னு எழுதி வாங்குங்க. கூடிடுச்சுன்னா கம்பி நகந்துடும்ங்கிற பயத்துக்குப் பெருசா இடமில்லை. கால் எலும்பு பத்தி அம்மா பயப்படுறது நியாயம். எடை தாங்காத எலும்பு முதல் ரெண்டு வருஷத்துலயே நல்லா மெலிஞ்சுடும். உடைஞ்சாலும் அவனுக்கு வலி தெரியாது. அதனால விழுந்த அன்னிக்கும் மறுநாளும் தொடை, முட்டி, கணுக்கால் வீங்கியிருக்கா, சூடா இருக்கான்னு தொட்டுப் பாக்கணும்.

எவ்வளவு செய்யணும்னு தண்டுவட அடி பட்டவங்களுக்குன்னே 2018ல உலக அளவுல வழிகாட்டுதல் வந்திருக்கு. வாரத்துக்கு 2 நாள், தடவைக்கு 20 நிமிஷமாவது மூச்சு வாங்குற பயிற்சி, கூடவே 2 நாள் தசைப்பயிற்சி. இது தெம்புக்கு. இதயம், சுகர், கொழுப்புக்குப் பலன் வேணும்னா 30 நிமிஷம், வாரத்துக்கு 3 நாள். ஆடும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த அளவு வேகம் போதும்.

தோள்தான் இனி அவனுக்குக் கால். தள்ளுற தசை தானா வளந்துடும், பின்னாடி இழுக்குற தசையை நாமதான் வளக்கணும். ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில கட்டி, முழங்கையைப் பின்னாடி கொண்டு வந்து தோள்பட்டை எலும்பு ரெண்டையும் சேக்குற பயிற்சி. நெஞ்சை விரிச்சு நீட்டுற பயிற்சி. சக்கரம் தள்ளும்போது குட்டி குட்டியா தட்டாம, நீளமா ஒரு தள்ளு. முடிஞ்சதும் கை ரிம்முக்குக் கீழே இறங்கித் திரும்பணும். இதைப் பழகாம ஆட வந்தவங்கதான் தோள் வலின்னு என்கிட்ட வர்றாங்க.

ஒன்பாயின்ட்டர்_ராணிப்பேட்டை எழுதியது:

தங்கச்சி, நான் டி8. மழை வருதுன்னு மொட்டை மாடியில காயப்போட்ட மிளகாயை அள்ளப் போய் வழுக்கி விழுந்தேன். என் பொண்ணு அப்போ ஒண்ணாங்கிளாஸ், இப்போ பிளஸ் டூ. நடுவுல இருக்கிற வருஷங்கள்ல பெரும்பகுதி வீல்சேர் பாஸ்கெட்பால் ஆடியிருக்கேன். இன்னும் ஆடுறேன். பிசியோ சார் சொன்னதை ஒரு எழுத்து விடாம கேளுங்க. அவர் சொல்லாம விட்டதை நான் சொல்றேன்.

அப்பாவோட கேள்விக்கு முதல்ல பதில். ஆட்டம் நரம்பைச் சேக்காது. முழு பாதிப்புன்னா ஆடி நடக்க வந்தவங்க யாரையும் நான் பாத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா தெரிஞ்சுக்கிட்டா பணம் மிஞ்சும். எங்க குடும்பம் எண்ணெய்க்கும் கட்டுக்கும் கொடுத்த காசுல ஒரு நல்ல சேர் வாங்கியிருக்கலாம். இப்போ ஸ்டெம் செல்னு சொல்லிப் பணம் கேக்குறவங்க நிறையப் பேர் இருக்காங்க, ஜாக்கிரதை.

சரி, என்ன கிடைக்கும்? எனக்கு நடந்ததைச் சொல்றேன். டி8ல வயித்துத் தசை பெரும்பாலும் போயிடும். இருமக்கூட பலம் இருக்காது, சளி கட்டினா பயம். ஆட ஆரம்பிச்ச பிறகு மூச்சு நீண்டுச்சு. கட்டில்ல இருந்து சேருக்கு மாற அம்மா இடுப்பைப் பிடிக்கணும், அது நின்னுச்சு. காலையில மோஷன் போறது ஒழுங்காச்சு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். கால் துடிப்பு, அதான் ஸ்பாஸம், பிராக்டீஸ் இருக்கிற ராத்திரி எனக்குக் கம்மியா இருக்கும். எரிச்சல் வலி போகலை. ஆடுற நேரத்துல தள்ளிப் போய் நிக்கும், படுத்தா திரும்ப வரும். ஆனா உடம்பு நிஜமா களைச்சுப் போயிருக்கிறதால வலிக்கு முன்னாடி தூக்கம் வந்துடும். உங்க தம்பி ராத்திரி தூங்காததுக்கு, பகல்ல உடம்பு ஒரு வேலையும் செய்யாததும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா நான் எழுத வந்தது இதுக்காக இல்லை.

அடிபட்ட பிறகு நம்மகிட்ட எல்லாரும் கேக்குற கேள்வி மாறிப் போகுது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, புண்ணு பாத்தியா, மோஷன் போச்சா. அன்புலதான் கேக்குறாங்க. ஆனா வருஷக்கணக்கா இதையே கேட்டா, நாம எல்லாருக்கும் ஒரு வேலை, நம்மால யாருக்கும் ஒரு வேலையும் ஆகாதுன்னு மனசுல பதிஞ்சுடுது. "நான் இருந்து என்ன ஆகப்போகுது"ங்கிறது அங்கிருந்துதான் வருது. நானும் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கேன்.

வீல்சேர் பாஸ்கெட்பால்ல ஒரு விதி இருக்கு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடம்பு எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாத்து 1.0ல இருந்து 4.5 வரை புள்ளி கொடுப்பாங்க. இடுப்புக்கு மேல நிதானம் இல்லாத என்னை மாதிரி ஆளுக்கு 1.0. கால் எடுத்தவங்க, லேசான போலியோ உள்ளவங்க மாதிரி உடம்பை எந்தப் பக்கமும் சாய்க்க முடிஞ்சவங்களுக்கு 4, 4.5. களத்துல இருக்கிற 5 பேரோட புள்ளியும் சேந்து 14ஐத் தாண்டக்கூடாது. கணக்கு போட்டுப் பாருங்க. 4.5 ஆளுங்க மூணு பேரை இறக்கினாலே 13.5 ஆயிடும், மீதி ரெண்டு பேரை எங்கிருந்து இறக்குறது? அதனால பலமா அடிபட்டவங்க இல்லாம எந்த டீமும் களம் இறங்க முடியாது. இரக்கப்பட்டு யாரும் இடம் கொடுக்கலை. விதியே நம்மளைக் கேக்குது. என்னை முதல்ல டீமுக்குக் கூப்பிட்ட காரணமே "எங்களுக்கு ஒரு ஒன் பாயின்ட்டர் வேணும்"ங்கிறதுதான். அடிபட்ட பிறகு "நீ வேணும்"னு ஒருத்தர் என்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்க வேலை கூடை போடுறது இல்லை. வளையம் எல்லாரும் ஆடுற அதே 10 அடி உயரம், களமும் அதே அளவு. எங்க வேலை வழியை அடைக்கிறது. எதிர் டீம்ல உயரமான 4 பாயின்ட்டர் திரும்புறதுக்கு அரை நொடி முன்னாடி, என் சேரோட முன் கம்பியை அவங்க பெரிய சக்கரத்துக்குக் குறுக்கே கொண்டு போய் நிறுத்திடணும். இரும்பும் இரும்பும் முட்டுற சத்தம் கேக்கும். அவ்வளவுதான், அவங்க கை எவ்வளவு நீளமா இருந்தாலும் நகர முடியாது. அந்த இடைவெளியில எங்க டீம் ஆள் உள்ளே போயிடுவாங்க. சக்கரம் மாட்டின கோணம் ஒரு விரக்கடை தப்பினா அவங்க நழுவிடுவாங்க. இதைச் சரியா செய்யுறதுக்குப் பலம் வேணாம், பாக்கத் தெரியணும்: அவங்க எந்தக் கையால ரிம்மைப் பிடிக்கப் போறாங்கன்னு தோளைப் பாத்தே சொல்லணும். கபடி ரைடருக்கு இதைச் சொல்லித்தரவே வேணாம். எதிராளியோட உடம்பு எந்தப் பக்கம் போகும்னு படிக்கிறது அவன் ஏற்கெனவே கத்து வச்சிருக்கிற வித்தை. அது தண்டுவடத்துல இல்லை, அப்படியே இருக்கு.

விழுறது பத்தி அம்மாவுக்கு. ஆட்டத்துல விழுவோம். விளையாட்டுச் சேர்ல சக்கரம் மேலே குவிஞ்சு கீழே விரிஞ்சு சாய்வா இருக்கும், பின்னாடி கவிழாம இருக்கச் சின்னச் சக்கரம் இருக்கும், இடுப்பையும் தொடையையும் பெல்ட்டால கட்டிக்குவோம். அதனால விழுந்தா ஆளும் சேரும் சேந்தே சாயும். தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும், கையை விறைப்பா நீட்டி ஊனக்கூடாது. இதைத்தான் முதல் வாரமே சொல்லித்தருவாங்க. நான் முதல்ல விழுந்தப்போ யாரும் ஓடி வரலை. எனக்கு ரோஷம் வந்துச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு, "கையை இங்க வைக்கா, ஒரு தள்ளு"ன்னு நிதானமா சொல்லிக் கொடுத்தா. வீட்டுல நான் சரிஞ்சா தெருவே கூடிடும். அங்க அது ஆட்டத்துல ஒரு பகுதி.

களத்துக்கு வெளியே நடக்குறதுதான் இன்னும் பெருசு. தரையில இருந்து சேருக்குத் தனியா ஏறுறதை எனக்குச் சொல்லித்தந்தது ஆஸ்பத்திரி இல்லை. ஒரு வராண்டாவுல, ரெண்டு குஷனை அடுக்கி, முதல்ல குஷன் மேல, அப்புறம் சேர் மேலன்னு என்னை விட பெரிய அடிபட்ட ஒருத்தி செஞ்சு காட்டினா. ரயில்ல எப்படி டியூப் போடுறது, லீக் ஆனா என்ன செய்யுறது, வேலைக்குப் போற இடத்துல எப்படிச் சொல்றது, கல்யாணம், புருஷன் பொண்டாட்டி வாழ்க்கை, இதெல்லாம் டாக்டர்கிட்ட கேக்க வாய் வராது. பிராக்டீஸ் முடிஞ்சு டயருக்குக் காத்து அடிச்சுட்டு உக்காந்திருக்கும்போது தானா பேச்சு வரும். ஸ்கூட்டர் ஓட்டணும், வேலைக்குப் போகணும்னு எனக்கு ஆசை வந்ததே அவங்களைப் பாத்துதான். இப்போ ஒரு இ-சேவை மையத்துல வேலை பாக்குறேன்.

பெரியப்பாகிட்ட இதையும் சொல்லுங்க. இந்த விளையாட்டு பொழுதுபோக்கா ஆரம்பிக்கலை, வைத்தியமா ஆரம்பிச்சது. முதல் உலகப்போர்ல தண்டுவடத்துல அடிபட்ட சிப்பாய்கள்ல பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணாலயும் சிறுநீர்த் தொற்றாலயும் செத்தாங்க. அவங்களுக்குச் செய்ய ஒண்ணும் இல்லைன்னு டாக்டர்களே விட்டிருந்த காலம். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மன்னு ஒரு யூத நரம்பியல் டாக்டர், 1944ல ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கிறதுல ஆரம்பிச்சு, விளையாட்டையும் சிகிச்சையோட சேத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கின அதே நாள், அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில 16 பேர் சக்கர நாற்காலியில உக்காந்து வில்வித்தைப் போட்டி ஆடினாங்க. அதுதான் வளந்து 1960ல ரோம்ல முதல் பாராலிம்பிக்ஸ் ஆச்சு.

நம்ம நாட்டுலயும் முரளிகாந்த் பெட்கர் இருக்கார். ராணுவத்துல குத்துச்சண்டை வீரர், 1965 போர்ல குண்டு பாய்ஞ்சு தண்டுவடத்துல அடி. சிகிச்சைக்காக நீந்த ஆரம்பிச்சவர் 1972ல ஹைடல்பர்க்ல 50 மீட்டர் நீச்சல்ல தங்கம் வாங்கினார். இந்தியாவோட முதல் பாராலிம்பிக் தங்கம் அது. எங்க வேலூர்ல மேரி வர்கீஸ் டாக்டர், 1954ல கார் விபத்துல தண்டுவடம் அடிபட்டு கால் ரெண்டும் செயலிழந்துச்சு. வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. 1966ல அங்க மறுவாழ்வு நிலையம் வந்ததும் அவங்க உழைப்புலதான். நாம இப்போ போய்ப் படுக்கிற கட்டில் அவங்க போட்டது.

சி6_நாகர்கோவில் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல அதிகம் இல்லை. எனக்குக் கழுத்துல அடி, கிணத்துல தலைகீழா குதிச்சது. விரல் வேலை செய்யாது. இதைக் குரல் வழியா டைப் பண்றேன். என்னை மாதிரி ஆளுக்கும் விளையாட்டு உண்டு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல கிளப் த்ரோவுல தங்கம் வாங்கின தரம்பீரும் கால்வாய்ல குதிச்சுக் கழுத்து அடிபட்டவர்தான். அவரை வளத்துவிட்ட அமித் குமார் சரோஹாவும் நம்ம ஜாதிதான், சக்கர நாற்காலி ஜாதி. நான் கிளப் எறியுறேன். மரக்கட்டை, பாட்டில் மாதிரி இருக்கும். நாற்காலியைத் தரையோட கட்டிட்டு எறியணும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டி6லயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்க இந்தத் திரியைப் படிச்சா கவனிங்க, தங்கச்சியோட தம்பிக்கு இது அநேகமா வராது. பெல்ட் இறுக்கத்துல என் யூரின் டியூப் மடங்கிடுச்சு. பை நிறையலை, நான் பாக்கலை. தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து நெத்தியில வேர்வை. பிரஷர் விறுவிறுன்னு ஏறியிருந்தது. அப்போ படுக்க வைக்கக்கூடாது. நிமிந்து உக்கார வைக்கணும், பெல்ட், பட்டன் எல்லாம் தளத்தணும், டியூபைச் சரிபண்ணி யூரின் போக விடணும். அப்படியும் இறங்கலைன்னா ஆஸ்பத்திரி. கூட வர்றவங்களுக்கு இது மனப்பாடமா தெரியணும். அப்புறம் வெயில்: அடிபட்ட இடத்துக்குக் கீழே எங்களுக்கு வேர்க்காது, உடம்பு சூடு இறங்காது. தண்ணி ஸ்ப்ரே பாட்டிலும் ஈரத்துண்டும் இல்லாம நான் களத்துக்குப் போறதில்லை. இதயத் துடிப்பும் எங்களுக்கு 120, 130க்கு மேல ஏறாது, வாட்ச்சைப் பாத்து ஆடினா ஏமாந்துடுவோம்.

மதுரை_செல்போன்கடை எழுதியது:

எல்லாரும் நல்லதா சொல்லிட்டீங்க. நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

எனக்கு டி12. அடிபட்டதுல இருந்து பாக்குறவன் எல்லாம் "விளையாடு, சாதிச்சுக் காட்டு, பேப்பர்ல வரும்"னு சொன்னாங்க. எனக்குப் பந்து பிடிக்காது, கூட்டமும் பிடிக்காது. ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க, எனக்கு ஒட்டலை. எனக்குக் கடைதான் மருந்தாச்சு. காலையில ஷட்டரைத் தூக்குறது, போர்டைப் பிரிச்சு சால்டர் வைக்கிறது, கஸ்டமர்கிட்ட பேசுறது. ஒன் பாயின்ட்டர் அக்கா சொன்ன "நீ வேணும்" எனக்குக் கடையில கிடைச்சுது. உடம்புக்கு, சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுத்தி சேரைத் தள்ளுவேன். அதுல சுகர் கட்டுக்குள்ள இருக்கு.

தம்பி யூடியூப்ல தேடிப் பாத்தான்னு சொன்னீங்களே, அதை அவன் போக்குலயே விடுங்க. அவன் வேற எதையாவது கேட்டா, அதுக்கும் சரின்னு சொல்லுங்க. அவனி லேகரா சின்ன வயசுல கார் விபத்துல தண்டுவடம் அடிபட்டவங்க, துப்பாக்கி சுடுறதுல டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் தங்கம். அதுல யாரும் யார் மேலயும் மோத வேண்டாம். நீச்சல் இருக்கு, டேபிள் டென்னிஸ் இருக்கு. தேர்ந்தெடுக்கிறது அவனா இருக்கட்டும். அடிபட்ட பிறகு நம்ம உடம்பைப் பத்தி மத்தவங்க முடிவு பண்ணினது போதும்.

போடி_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அழுதுட்டே படிச்சேன். பிசியோ சார் சொன்ன மாதிரி அவன்கிட்ட நேரா கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான், அப்புறம் பேசினான். செத்துப்போகணும்னு அப்பப்போ தோணும்னு சொன்னான், செய்ய மாட்டேன்னும் சொன்னான். தேனியில மனநல டாக்டரைப் பாத்துட்டோம், மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. தூக்க மாத்திரையும் பூச்சி மருந்தும் வீட்டுல கைக்கு எட்டுற இடத்துல வைக்க வேண்டாம்னு சொன்னாங்க, எடுத்துட்டோம்.

இந்தத் திரியை அவனுக்கு அனுப்பினேன். அந்த 14 புள்ளிக் கணக்கை மட்டும் ரெண்டு மூணு தடவை படிச்சான். "டி10னா எனக்கு எவ்வளவு வரும்?"னு கேட்டான். அக்கா, எவ்வளவு வரும்? மதுரை அண்ணா, நீங்க சொன்னதையும் மனசுல வச்சிருக்கேன், நாங்க யாரும் அவனைத் தள்ளலை.

அடுத்த மாசம் வேலூருக்கு செக்கப்புக்கு வர்றோம். ஒரு நாள் வந்து சும்மா பாக்கலாமா? ஸ்பெஷல் சேர் வாங்கணுமா, எவ்வளவு ஆகும்? அங்க பாத்ரூம் எப்படி? அம்மாவும் கூட வருவேன்னு பிடிவாதமா இருக்காங்க.

ஒன்பாயின்ட்டர்_ராணிப்பேட்டை எழுதியது:

டாக்டரைப் பாத்தது பெரிய விஷயம்மா. மாத்திரையை நடுவுல நிறுத்தாதீங்க, வேலை செய்யச் சில வாரம் ஆகும்.

டி10க்கு பெரும்பாலும் 1.5 இல்லைன்னா 2 வரும். ஆனா எக்ஸ்ரேவைப் பாத்து முடிவு பண்ண மாட்டாங்க, ஆடும்போது உடம்பு எவ்வளவு சாயுது, எவ்வளவு திரும்புதுன்னு பாத்துதான் கொடுப்பாங்க.

தாராளமா வாங்க. சேர் வாங்க வேண்டாம். வெளிநாட்டுச் சேர் லட்சக்கணக்குல ஆகும், நம்ம ஊர்ல செய்யுறது குறைவு, ஆனாலும் இப்போ வேண்டாம். குழுக்கள்ல பொதுச் சேர் இருக்கும், அதுலதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். காசு இருந்தா முதல்ல தினசரி சேரை மாத்துங்க. ஆஸ்பத்திரியில தள்ளிட்டுப் போற மாதிரி அகலமான கனச் சேர்ல இருக்கான்னா தோள் சீக்கிரம் கெடும். ஐஐடி மெட்ராஸ் ஆளுங்க உருவாக்கின நியோஃப்ளை மாதிரி உடம்பு அளவுக்குச் செய்யுறது இருக்கு, விசாரிங்க. உங்களுக்குத் தென்காசி பக்கம். ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துலயும் தண்டுவட அடிக்கு மறுவாழ்வுப் பிரிவு இருக்கு. அதை 1981ல தொடங்கின ராமகிருஷ்ணன் ஐயாவே 1975ல கடற்படைத் தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஆட்டம் எங்கெங்க நடக்குதுன்னு தெரிஞ்சுக்க, சென்னையில இருந்து இயங்குற இந்திய வீல்சேர் கூடைப்பந்து கூட்டமைப்பைக் கேளுங்க. 2014ல மாதவி லதா மேடம் ஆரம்பிச்சது.

பாத்ரூம் பத்தி மறைக்க மாட்டேன். சில மைதானங்கள்ல கதவு அகலமே போதாது. ஒரு இடத்துல போட்டிக்குப் போயிட்டு, எங்க பொண்ணுங்க புடவையைத் திரையா பிடிச்சு மறைச்சுத்தான் டியூப் போட்டோம். கோடிக்கணக்குல அரங்கம் கட்டுறவங்களுக்கு இன்னும் நாலு விரக்கடை கதவை அகலமா வைக்கத் தோணலைங்கிறது எனக்கு இன்னும் ஆறலை. இதுக்குப் பயந்து எங்க ஆளுங்க பலர் தண்ணி குடிக்காம வர்றாங்க, அப்புறம் காய்ச்சல், கல்லுன்னு படுக்குறாங்க. தம்பி அப்படிச் செய்யக்கூடாது. தண்ணி குடிக்கணும், களத்துல இறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துடணும். டியூப், ஜெல், ஒரு மாத்து டிராயர், ஒரு சின்ன டார்ச் பையில இருக்கட்டும்.

புண்ணு ஆறின உடம்பு, அதனால இதைக் கண்டிப்பா பாருங்க. விளையாட்டுச் சேர்ல முட்டி உயந்தும் இடுப்பு தாழ்ந்தும் இருக்கும், வால் எலும்பு மேல அழுத்தம் கூடும். ஜீன்ஸ் வேண்டாம், பின் பாக்கெட்டோ தடிச்ச தையலோ இல்லாத நைலான் டிராக் பேன்ட் போடுங்க. அவனோட சொந்தக் குஷன் இருந்தா அதையே கொண்டு வாங்க. நடுநடுவுல முன்னாடி குனிஞ்சு எடையைத் தூக்கிக்கணும். அறைக்குத் திரும்பினதும் கண்ணாடியை வச்சு அவனே பாக்கணும். சிவப்பு அரை மணி நேரத்துல மறையலைன்னா, அது முழுசா மறையுற வரை அந்த இடத்துல எடை போடக்கூடாது, ஆட்டமும் கிடையாது. பாதத்தையும் பாருங்க, பெல்ட்டுல உரசியிருக்கும்.

அம்மா வரட்டும். ஆனா அவன் கீழே விழுந்தா ஓடக்கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க. எங்க டீம்ல ரெண்டு பேரோட அம்மாங்களும் அன்னிக்கு வருவாங்க, அவங்ககூட உக்கார வச்சுடலாம்.

கிளம்புறதுக்கு முன்னாடி தம்பியோட இடுப்பு அகலத்தை அளந்து இங்க போடுங்க. கெட்டியான இடத்துல நிமிந்து உக்கார வச்சு, ரெண்டு பக்கமும் தொடையை ஒட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தை நிறுத்தி, அந்த ரெண்டு நோட்டுக்கும் நடுவுல டேப் வச்சுப் பாக்கணும். எங்ககிட்ட 14, 15, 16 இஞ்ச் சேர் இருக்கு. சரியானதை எடுத்து டயருக்குக் காத்து அடிச்சு வைக்கிறேன்.